மூன்றாவது தெருவை உண்டாக்கியவன் நான்தான்

மடிப்பாக்கத்துக்காரன்:

தெருப் பெயர் தப்பாக இருக்கிற இணைய வரைபடத்தால் பட்ட பாட்டை இந்த இழையில் எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் பாடுபடுத்தியவன். அந்தப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டாமா?

2015 டிசம்பர் வெள்ளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தண்ணீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே தொட்டுக் குறிக்கிற மாதிரி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடியில் வைத்து ஒரு வரைபடம் அப்போது இணையத்தில் சுற்றியது. தெருத் தெருவாக நிறம் மாறிக்கொண்டே வந்தது. எங்கள் நகரும் அதில் இருந்தது, ஆனால் வெறும் கோடுகளாக. உள்தெரு ஒன்றுக்கும் பெயர் இல்லை. மொட்டை மாடியில் நின்றுகொண்டு, படகு வைத்திருந்த பையனிடம் போனில் "கெணத்துத் தெரு, கெணத்துத் தெரு" என்று கத்தினேன். "எந்தக் கெணறு சார்?" என்றான். கிணறு தண்ணீருக்கு அடியில் இருந்தது.

தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி முடித்ததும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கினேன். விதிகள் எளிமையானவை. தெருவில் நடந்து போய்ப் பலகையைப் பார், பார்த்ததை எழுது. இன்னொரு வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடிக்காதே, அது அடுத்தவர் சொத்து. பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக நடந்தேன். தெரு நாய்களே குரைப்பதை விட்டுவிட்டன. நான்காவது ஞாயிறு நல்ல வெயில். முதல் குறுக்குத் தெருவில் பலகை பார்த்தாயிற்று, இரண்டாவதில் பார்த்தாயிற்று, நான்காவதிலும் பார்த்தாயிற்று. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு குட்டித் தெரு. அதில்தான் அந்தக் கிணறு. பலகை கிடையாது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடியே '3வது குறுக்குத் தெரு' என்று தட்டிச் சேமித்தேன். ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில் வேறு என்னதான் வந்துவிடப் போகிறது?

அதோடு அதை மறந்தும் போனேன்.

மூன்று வருஷம் கழித்து எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் உள்தெருக்களுக்குச் சொந்தச் செலவில் பலகை வைத்தது. செயலாளர் பெயர்ப் பட்டியலை எங்கிருந்து எடுத்தார்? கைபேசியைத் திறந்து, வரைபடத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதி, பெயிண்டரிடம் கொடுத்துவிட்டார். ஒருநாள் காலை நடைக்குப் போனால், இரண்டு ஜிஐ குழாய்க்கு நடுவில் நீலத் தகடு, பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை: '3வது குறுக்குத் தெரு'. கீழே உபயதாரர் பெயர், தெருவின் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிதாக. மறைப்பானேன், எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தத் தெருவின் கோடி வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தனியாக இருக்கிறார். பலகை வைத்துக் கொஞ்ச காலம் போயிருக்கும். விடியற்காலை நாலரை மணிக்கு அவர் வாசலில் வண்டிச் சத்தம். கதவைத் திறந்தால் இரண்டு பேர் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். "ஹால்லயே வச்சிரலாமா சார்? பிளக் பாயின்ட் எங்க இருக்கு?" பெரியவர் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். "எனக்கு இன்னும் தேதி சொல்லலையேப்பா" என்றாராம்.

இறந்தவர் வீடு இருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், உண்மையான மூன்றாவது குறுக்குத் தெருவில். அன்று மத்தியானம் பெரியவர் பீரோவிலிருந்து 1984-ல் போட்ட லேஅவுட் வரைபடத்தை எடுத்து விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டிய செல்லோடேப் மஞ்சளாகியிருந்தது. ஒன்று, இரண்டு, நான்கு இந்தப் பக்கம்; மூன்று, ஐந்து வாய்க்காலைத் தாண்டி. அவர் வீடு இருக்கிற தெருவுக்கு அதில் பெயரே இல்லை, '20 அடி பாதை' என்று மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்துக்காரர்களின் கிரயப் பத்திரத்தில் '3வது குறுக்குத் தெரு' என்று தெளிவாக இருக்கிறதாம். அவர்களுக்கு வர வேண்டிய கூரியரும் சிலிண்டரும் எத்தனையோ தடவை பெரியவர் வாசல்வரை வந்து திரும்பியிருக்கின்றன. ஐஸ் பெட்டி வந்த பிறகுதான் விஷயம் என் காதுக்கு எட்டியது.

பைக் தம்பி:

அண்ணே, பெட்டி கொண்டுவந்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். பலகையும் மூன்று, போனிலும் மூன்று என்றால் நானும் அங்கேதான் வந்திருப்பேன்.

சாப்பாடு டெலிவரியில் ஐந்து வருஷமாக ஓடுகிறேன். முகவரி கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது தெருவை இல்லை, பின்கோடின் கடைசி இரண்டு எண்ணை. 91 என்றால் மடிப்பாக்கம், 61 என்றால் நங்கநல்லூர், 42 என்றால் வேளச்சேரி. ராம் நகர் என்று மட்டும் சொன்னால் எந்த ராம் நகர் என்று போவது? அடுத்தது 'எக்ஸ்டென்ஷன்'. அதே தெருவின் தொடர்ச்சிதானே என்று நேராகப் போனால் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்டமர் பால்கனியில் நின்று கையாட்டுவார். சுற்றிக்கொண்டு வர ஒன்றரை கிலோமீட்டர். பிரியாணி ஆறிவிட்டது என்று ஸ்டார் குறைப்பதும் அவர்தான்.

வீட்டு எண் 14 என்றால் புது எண்ணா, பழைய எண்ணா என்று போன் பண்ணிக் கேட்பேன். "லொக்கேஷன் அனுப்பிட்டேன்ல" என்பார்கள். லொக்கேஷன் பக்கத்துக் காலி மனையில் போய் விழுந்திருக்கும், மாடு படுத்திருக்கும். அப்போதெல்லாம் எனக்குத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்தான் தெய்வம். அவருக்கு வீட்டு எண் தெரியாது. யார் வீட்டில் எத்தனை சட்டை என்று தெரியும், அது போதும்.

தாழம்பூர் அக்கா:

உங்கள் தெருவுக்குப் பெயர் இல்லை என்பதுதானே பிரச்சினை? எங்கள் அடுக்ககத்துக்கு நான்கு பெயர். புரோஷரில் ஒன்று. 'பேஸ் 2' என்று விற்கும்போது வேறொன்று. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவில் கிராமமும் சர்வே எண்ணும் சேர்ந்த நீளமான ஒன்று. ஆட்டோக்காரர்களுக்கு 'சூளைக்காரன் பில்டிங்', முன்பு இங்கே செங்கல் சூளை இருந்ததாம். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த நான்காவது பெயரைச் சொன்னால்தான் வண்டி வருகிறது.

வீடு பார்க்க முதன்முதலில் வந்தபோது போனில் காட்டிய இடம் சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கம். விற்பனைக்காரர்கள் குறியை அங்கே நட்டு வைத்திருந்தார்கள். போய் நின்றால் ஒரு கார் காத்திருக்கிறது, "இங்கிருந்து பத்தே நிமிஷம் மேடம்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், பத்திரத்தில் இருக்கிற கிராமத்தின் பெயரைப் பாருங்கள் என்று இப்போது வீடு தேடுகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

குடிவந்த பிறகு குறியை நகர்த்திச் சரியான இடத்தில் வைத்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் '2, 3 பெட்ரூம், ரெடி டு மூவ், ஓஎம்ஆர்' என்று நீட்டி முழக்கியிருந்ததை வெட்டினேன். மறுநாள் திரும்ப வந்தது. வெட்டினேன், வந்தது. கடைசி ஃபிளாட் விற்ற பிறகு அவர்களே கைவிட்டுவிட்டார்கள்.

உள்ளே இருக்கிற பாதைகளுக்கு பில்டர் வைத்த பெயர்கள் ரோஸ், லில்லி, துலிப். துலிப் தெருவில்தான் நான் இருக்கிறேன், அந்தப் பூவை நேரில் பார்த்ததில்லை. அதையும் அப்படியே எழுதினேன், ஏனென்றால் பலகை அப்படித்தான் சொல்கிறது. ஒன்றை மட்டும் செய்யத் தவறினேன். அவை தனியார் பாதைகள் என்று குறிக்க வேண்டும். குறிக்காததால் வழிகாட்டிச் செயலி அடுத்த தெருவுக்குப் போகிற பைக்குகளை எல்லாம் எங்கள் கேட் வழியாகக் குறுக்கே அனுப்பியது. வாட்ச்மேன் அண்ணா ஒரு வாரம் தொண்டை கிழியச் சண்டை போட்டார். நான்தான் காரணம் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர்:

கோபாலபுரம், ராயப்பேட்டை பக்கம் பல வருஷம் பை தூக்கியவன். பெயர் மாறுவது எனக்குப் புதிதில்லை. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆனது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. மௌபரீஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆனது. பழைய பெயர் எழுதி வந்த எந்தக் கடிதத்தையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. தி.நகரில் ஆட்டோ ஏறி 'தியாகராய சாலை' என்று சொல்லிப் பாருங்கள், டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். பாண்டி பஜார் என்றால் வண்டி தானாகவே போகும். அந்தப் 'பாண்டி'யும் சௌந்தரபாண்டியன் அங்காடி என்பதன் சுருக்கம்தான், பாண்டிச்சேரி இல்லை.

இப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. விருகம்பாக்கம் பத்மாவதி நகர் பிரதான சாலைக்கு 2022-ல் நடிகர் விவேக் பெயர், நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் 2025-ல் எஸ்.பி.பி. பெயர். சாதிப் பெயரை எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே தெருப் பலகைகளிலிருந்து எடுத்தார்கள். 2025 அக்டோபரில் ஊர், தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க இன்னொரு அரசாணை வந்தது. போக வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அரசாணைத் தேதியில் பலகை மாறும், முகவரி எழுதுகிறவர் கை மாறாது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? எழும்பூர், மயிலாப்பூர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த மாதமே திரும்பப் பெற்றார்கள். இடையில் அவசரப்பட்டு வரைபடத்தைத் திருத்தியவர்கள் திரும்பவும் திருத்த வேண்டியதாயிற்று.

அதனால் புதியது, பழையது, வாயில் வழங்குவது, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தபால்காரர் தலையில் அப்படித்தான் இருந்தது.

2025-ல் எங்கள் துறை டிஜிபின் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடு. நல்ல ஏற்பாடு, வாசற்படியையே காட்டிவிடும். மடிப்பாக்கத்து நண்பர் மொட்டை மாடியில் நின்று அதைப் படகுக்காரப் பையனிடம் கத்திச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

புதுசா வந்தவன்:

சார், கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அந்த மூன்றாவது தெருவை வரைபடத்திலிருந்து எடுத்தீர்களா, இல்லையா?

மடிப்பாக்கத்துக்காரன்:

எடுக்கத்தான் போனேன், தம்பி. அங்கேதான் சிக்கல். தரையில் இருப்பதை எழுது என்பதுதானே விதி? இப்போது தரையில் பலகை இருக்கிறது, அதில் 3 என்றுதான் இருக்கிறது. நான் முதலில் எழுதியது பொய். அந்தப் பொய்யைப் பார்த்துப் பலகை வைத்தார்கள். பலகை வந்ததும் நான் எழுதியது விதிப்படி மெய்யாகிவிட்டது. இங்கே வரைபடம் போடுகிற மற்ற நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர் எடு என்றார், ஒருவர் தொடாதே என்றார், மூன்றாமவர் முதலில் பலகையை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார்.

அவர் சொன்னதே சரி என்று பட்டது. சங்கத்துச் செயலாளரிடம் போனேன். தகடு, குழாய், சிமென்ட், கூலி என்று கணக்கை எடுத்து வைத்தார். உபயதாரர் இன்னொரு தடவை தர மாட்டாராம். வார்டு கவுன்சிலரைப் பார்த்தேன். தெருவுக்கு முறையாகப் பெயர் வைக்க மாமன்றத்தில் தீர்மானம் வர வேண்டும், குடியிருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள் என்றார். சரி, 'கிணற்றுத் தெரு' என்று கேட்டு மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பதினோரு வீடு, பத்து கையெழுத்து.

பெரியவர் போடவில்லை. எழுத்தில் தகராறோ, 'கெணத்துத் தெரு' என்று எழுத வேண்டுமோ என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை. உள்ளே போய்ப் பர்ஸை எடுத்து வந்தார். "இதப் பாரு. ஆதார்லயே மூணாவது குறுக்குத் தெருன்னு மாத்திட்டேன். பேங்க்ல மாத்தியாச்சு. பென்ஷன் புக்ல மாத்தியாச்சு. என் பையன் அமெரிக்காலேர்ந்து மாத்திரை ஆர்டர் போட்டா நேரா வாசலுக்கு வருது. நாப்பது வருஷமா பேரு இல்லாம இருந்தேன், இப்பத்தான் ஒண்ணு வந்திருக்கு. அதையும் பிடுங்கறியா?"

"அந்த ஐஸ் பெட்டி..." என்று இழுத்தேன்.

"அதான் ஒருதடவை வந்து வீடு தெரிஞ்சிக்கிட்டானே" என்றார்.

மனு மேஜையில் கிடக்கிறது. வரைபடத்தில் இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: பெயர் '3வது குறுக்குத் தெரு', உள்ளூர்ப் பெயருக்கு என்று இருக்கிற தனிக் கட்டத்தில் 'கிணற்றுத் தெரு'. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்கும் '3வது குறுக்குத் தெரு', கூடவே ஒரு குறிப்பு: 'இது வேறு, வாய்க்காலுக்கு மேற்கே.' அந்தக் குறிப்பு வண்டி ஓட்டுகிறவர்களின் செயலியில் தெரியாது, வரைபடத்தைத் திருத்த வருகிறவர்களுக்குத்தான் தெரியும். பைக் தம்பி போன்றவர்கள் இஸ்திரி வண்டிக்காரரைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். பலகையில் எண்ணின் மேல் யாரோ மஞ்சள் நீராட்டு விழா போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். இப்போது 'வது குறுக்குத் தெரு' என்று மட்டும் தெரிகிறது.