கீழே மாட்டினால் குப்புறத் திரும்பிவிடுகிறேன், இந்தக் கபடிப் பழக்கத்தை எப்படி விடுவது?

காவேரிப்பட்டணம்_ரைடர்:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி வரை கபடி ஆடியவன், பாடிப் போவதுதான் என் வேலை. இப்போது சனி, ஞாயிறு ஓசூர் போய் ஜியு-ஜிட்சு (தரையில் கட்டிப் புரண்டு எதிராளியை மடக்கும் சண்டைக் கலை) கற்றுக்கொள்கிறேன். வெள்ளை பெல்ட். எடை 62 கிலோ. அங்கே என்னோடு உருளுகிறவர்கள் பெரும்பாலும் எண்பதுக்கு மேல்.

நிற்கிறவரை சமாளித்துவிடுகிறேன். கீழே விழுந்து சைடு கண்ட்ரோலில் மாட்டினால்தான் வம்பு. நெஞ்சின் மேல் ஒருவர் குறுக்கே படுத்ததும் உடம்பு தானாகக் குப்புறத் திரும்பிவிடுகிறது. உடனே முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடிப்பார்கள், நான் தோல்வி என்று கையால் தட்டிவிடுவேன். வாராவாரம் இதே கதை. மாஸ்டர் ‘திரும்பாதே’ என்கிறார். திரும்பாமல் என்ன செய்வது என்று கேட்பதற்குள் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது.

வார நாளில் வகுப்பு கிடையாது. மாங்கூழ் ஆலையில் வேலை, சீசன் வந்தால் ஞாயிறும் போய்விடும். மொட்டை மாடி இருக்கிறது, சித்தப்பா பையன் இருக்கிறான். ஆள் நல்ல கனம், ஆனால் ஜியு-ஜிட்சு தெரியாது. யூடியூபைப் பார்த்து ஆர்ம்பார் (முழங்கையைப் பூட்டும் பிடி), டிரையாங்கிள் (கால்களால் கழுத்தை இறுக்கும் பிடி) என்று புதிது புதிதாகப் பழகலாமா?

ஓசூர்_நைட்_ஷிப்ட்:

தம்பி, ஆர்ம்பாரை இப்போதைக்கு விடு. கீழே கிடந்து மூச்சு வாங்குகிறவனுக்கு அது எதற்கு?

பிடி விழுந்தால் ரைடர் என்ன செய்வான்? குப்புற விழுந்து, ஊர்ந்து, விரல் நுனியையாவது நடுக்கோட்டில் வைக்கப் பார்ப்பான். தொட்டுவிட்டால் புள்ளி. முதுகில் நாலு பேர் கிடந்தாலும் கவலையில்லை. இங்கே நடுக்கோடே கிடையாது. முதுகில் ஏறி, இரண்டு காலையும் உன் தொடைக்கு உட்புறம் கொக்கி போட்டு 3 நொடி நிலைத்தால் எதிராளிக்கு 4 புள்ளி. மேலே ஏறி உட்காருகிற மவுண்டுக்கும் அதே 4. கார்டை, அதாவது கீழே கிடப்பவர் கால்களால் போடுகிற தடுப்பை, தாண்டினால் 3, ஆளைக் கீழே தள்ளினால் 2. ஆக, இருப்பதிலேயே பெரிய பரிசை நீயே கையில் எடுத்துக் கொடுக்கிறாய்.

சரி, என்ன செய்வது. அவர் உன் வலப்பக்கம் கிடக்கிறார் என்று வைத்துக்கொள். உன் இடது முன்கை அவர் கழுத்துக்குக் குறுக்கே, வலது முன்கை அவர் இடுப்பில். முழங்கை மடங்கியே இருக்கட்டும், பெஞ்ச் பிரஸ் மாதிரி நீட்டித் தள்ளினால் அந்தக் கை அவருக்குத்தான். எலும்பு தாங்கட்டும், தசை வேண்டாம். இடுப்பைத் தூக்கி ஒரு முட்டு முட்டு, அவர் கனம் லேசாக நகரும். அந்த நேரத்தில் வலப்பக்கமாக, அவரைப் பார்த்து ஒருக்களித்து, இடுப்பைப் பின்னால் இழுத்து, வலது முழங்காலை இடைவெளியில் சொருகு. எண்பது கிலோவைத் தள்ளி வைக்க உன்னால் ஆகாது, நீதான் நகர வேண்டும். இன்னொன்று: அவர் முழுசாகப் படுத்து அழுத்தியபின் கை நுழையாது. கார்டு போகிறது என்று தெரிந்ததுமே முன்கைகள் உள்ளே இருக்க வேண்டும்.

உன் சித்தப்பா பையன் இதற்கு அருமையான ஆள். அவன் வேலை மேலே கிடந்து உன்னை அசையவிடாமல் பிடிப்பது. உன் வேலை முழங்காலை நுழைப்பது. நுழைந்ததும் நிறுத்து, திரும்ப அதே இடத்திலிருந்து ஆரம்பி. இரண்டு நிமிடம் போனதும் மேல் கீழ் மாற்று. முதலில் அவன் பாதி பலம் போடட்டும், உனக்குக் கை தானாகப் போக ஆரம்பித்தபின் ஏற்றிக்கொள்ளலாம். ஓசூரிலும் இதையே கேள்: ‘அண்ணா, சைடு கண்ட்ரோலில் இருந்து ஆரம்பிக்கலாமா?’ எண்பது கிலோக்காரர் எவரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

கபடியில் தொடையைப் பிடிக்கிற பழக்கமும் இருக்கும். அது நல்ல சொத்து, ஆனால் தலையைக் குனிந்து அவர் அக்குளுக்குள் விட்டால் கில்லட்டின், அதாவது முன்னாலிருந்து கழுத்தை இறுக்கும் பிடி, விழும். தலை நிமிர்ந்து, காது அவர் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும்.

தருமபுரி_ஜூடோ:

ஜூடோவிலிருந்து போகிறவர்களுக்கும் இதே வியாதிதான். எங்கள் ஆட்டத்தில் குப்புறச் சுருண்டு கிடந்தால், எதிராளியால் மேற்கொண்டு ஒன்றும் நடக்காதபோது நடுவர் ‘மத்தே’ (நிறுத்து) சொல்லி எழுப்பிவிடுவார். அதை நம்பிப் பழகிய உடம்பு. இங்கே யாரும் எழுப்ப வரமாட்டார்கள்.

ஆனாலும் திரும்பவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவர் நெஞ்சு உன்மேல் விழுவதற்கு முன், முழங்கையும் முழங்காலும் ஒட்டியபடி திரும்பி, நிற்காமல் எழுந்துவிட்டால் அது நல்ல தப்பித்தல். அமுங்கியபின் திரும்புவதும், திரும்பி அங்கேயே கிடப்பதும்தான் கேடு.

முதுகில் ஏறிவிட்டாலும் உடனே தட்டாதே தம்பி. கழுத்துக்கு வருகிற கையை உன் இரண்டு கையாலும் பிடித்து இறக்கு. தாடையைப் புதைப்பதை மட்டும் நம்பாதே. அவருடைய இன்னொரு கை உன் அக்குளுக்குக் கீழே இருக்குமே, அந்தப் பக்கமாகச் சாய்ந்து முதுகைத் தரையில் ஒட்டப் பார்.

மாடியில் கழுத்துப் பிடி மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்க ரத்தக் குழாயும் அமுங்கினால் சில நொடியில் நினைவு தப்பும். தெரியாத பையன், விடுகிற நேரம் அவனுக்குத் தெரியாது.

காவேரிப்பட்டணம்_ரைடர்:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. நடுக்கோடு விஷயம் சரியாகச் சொன்னீர்கள், திரும்பும்போது என் கை முன்னால் நீளுவது இப்போதுதான் உறைக்கிறது. தம்பியிடம் சொல்லிவிட்டேன், பிரியாணி வாங்கிக் கொடுத்தால் வருகிறானாம். மாடி சிமெண்ட் தரை, பசில் மாதிரி கோத்துப் போடுகிற ஃபோம் பாய்தான் இருக்கிறது. உருண்டால் பிரிந்து போகிறது. கீ (பயிற்சி அங்கி) போட்டுத்தான் பழக வேண்டுமா?

ஓசூர்_நைட்_ஷிப்ட்:

பாய்க்கு மேல் தார்ப்பாய் விரித்து நாலு ஓரத்தையும் அடியில் மடித்துக் கட்டு, பிரியாது. கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. வெயில் இறங்கினபின் ஆரம்பி, இல்லையென்றால் தார்ப்பாயில் முதுகு வெந்துவிடும். இந்தப் பயிற்சிக்குக் கீ தேவையில்லை, பழைய டி-ஷர்ட் போதும். இரண்டு பேரும் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். பிரியாணி உருண்டு முடித்தபின்.