மூண்டு ரூமை நாலாக்கினா வீட்டு விலை ஏறுமா?

திருகோணமலையில உவர்மலைப் பக்கம் 10 பேர்ச் காணியில எங்கட வீடு, மூண்டு ரூம், விக்கப் போறம். ஹோலுக்க ஒரு சுவர் வச்சு நாலு ரூமாக்கினா கூடக் கேக்கலாமெண்டு தரகர் சொல்றார், உண்மையோ?

—

வேண்டாம் அண்ணை. நாங்களும் 8க்கு 9 அடியில ஒண்டு அடைச்சனாங்கள், பாக்க வந்த அக்கா "கட்டில் போட்டா கதவு திறக்குமோ" எண்டு கேட்டுட்டுப் போனவ, போனவதான். ரூமை எண்ணாம சதுர அடியைப் பாருங்கோ.

—

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கமெண்டா கதை வேற, ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் மட்டும் வெள்ளைக்காரர் வருவினம், அட்டாச் பாத்ரூமோட இருந்தா ஒவ்வொரு ரூமும் காசுதான். டவுனுக்க குடியிருக்க வாங்கிற ஆக்கள் முதல்ல காணி உறுதிப் பத்திரத்தைப் பாப்பினம், பிறகு கிணத்துத் தண்ணியை வாயில வச்சுப் பாப்பினம் 😄

—

சரி, சுவர் இல்ல. அந்தக் காசுக்கு பாத்ரூம் டைல்ஸை மாத்திறன். தரகர்தான் முகத்தைத் தூக்கப் போறார்.