சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: ‘அந்தரங்க உறுப்பு’க்குப் பதிலாக ‘உடுப்பிடம்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன கிழமை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். முன்பள்ளி, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் தாய்மாருக்காக நாங்கள் எழுதும் துண்டுப்பிரசுரத்தில் ஒரு சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மார்பு, தொடையிடுக்கு, பின்பக்கம் என்று மற்றவர்கள் தொடக்கூடாத இடங்களை எல்லாம் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பெண்பிள்ளை, மூன்று நாளாக “வயிறு நோகுது” என்று சொன்னாள். தாய் ஓமத்தண்ணீர் கொடுத்தார். நான்காம் நாள் காய்ச்சல் ஏறிவிட்டது. வைத்தியசாலையில் தாதி, “எங்க புள்ள நோகுது, கைய வெச்சுக் காட்டுங்க” என்றார். பிள்ளை தொப்புளில் கையை வைத்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். சிறுநீர்த் தொற்று. அந்தப் பிள்ளைக்கு யாரும் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் செய்திருந்தால்? இலங்கையில் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையில் கேட்க ஆள் இருக்கிறது. சொல்வதற்குப் பிள்ளையின் வாயில் சொல் இல்லையே!

யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி ஐந்து வயதிலிருந்து தொடங்குகிறது. ஐந்து முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு அது சொல்வதில் முக்கியமான ஒன்று, தன் உடலின் உறுப்புகளுக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது. உடலுறவு பற்றிய பாடம் என்று நினைத்துப் பயப்படுகிற பெற்றோருக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளிகளில் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ தனிப் பாடமாக வருவது ஆறாம் ஆண்டில். அதற்கு முந்தைய ஐந்து வருடமும் வீட்டுப் பேச்சை நம்பித்தான் இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். இருக்கிற சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ‘மர்ம உறுப்பு’ பத்திரிகைக்காரர் சொல், அதை எந்தத் தாயும் வாயில் எடுக்கமாட்டார். ‘பிறப்புறுப்பு’ நல்ல சொல்தான், ஆனால் மார்பும் பின்பக்கமும் அதில் அடங்காது. ‘அந்தரங்க உறுப்பு’தான் எல்லாப் பிரசுரத்திலும் இருக்கிறது. எனக்கு அதில்தான் பெரிய பயம். அந்தரங்கம் என்றால் இரகசியம். பிள்ளையிடம் தப்பாக நடப்பவன் முதலில் சொல்வதும் “இது நமக்குள்ள இரகசியம்” என்பதுதான். அவன் சொல்லை நாங்களே பிள்ளைக்கு ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்?

இஸ்லாமிய மார்க்க நூல்களின் தமிழாக்கங்களில் வரும் ‘வெட்கத்தலம்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று சம்மாந்துறைச் சகோதரர் ஒருவர் எழுதியிருந்தார். வெட்கம் ஈமானோடு, அதாவது இறைநம்பிக்கையோடு, சேர்ந்த நற்பண்பு என்று அவர் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் வெட்கம் ஒரு மனிதரின் குணம். அதை ஓர் உறுப்பின் பெயராக்கினால், அங்கே ஒரு நோவு வந்தாலும் சொல்வது வெட்கக்கேடு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

காரைதீவு ஆசிரியை சொன்ன ‘காப்பிடம்’ கேட்க அழகாக இருந்தது. கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்குக் காப்புக் கட்டும் ஊரில் அந்தச் சொல்லின் புனிதம் யாருக்கும் விளங்கும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காப்பிடம் என்றால் காக்க வேண்டியது யார்? பிள்ளையா? ஒரு நாள் காக்க முடியாமல் போனால் பிழை தன்மேல்தான் என்று அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைக்குமே.

அடுத்தது ‘மறைப்பிடம்’. இதற்கு நானே வக்காலத்து வாங்கினேன். மறைவு தன்வினை, மறைப்பு பிறவினை. ‘மறைவிடம்’ என்றால் ஒளிந்து கிடப்பது, ‘மறைப்பிடம்’ என்றால் நான் மறைத்து வைப்பது. கிணற்றடியைச் சுற்றிக் கிடுகால் கட்டும் அடைப்பையும் ‘மறைப்பு’ என்றுதானே சொல்கிறோம் என்று பெரிதாக எழுதியிருந்தேன். ஒரு தாய்மார் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒருவர், “மறைப்பிடம் எண்டு படிப்பிச்சுப்போட்டு, மறைக்காமச் சொல்லு எண்டு எப்பிடிகா கேக்குற?” என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்தச் சொல்லை அங்கேயே கைவிட்டேன்.

1936இல் சென்னைக் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் இந்தக் காரைதீவு மண்ணில் பிறந்தவர். அறிவியல் சொற்களைப் புலவர்கள் கூடி இருந்து ஆக்கலாம். இந்தச் சொல் தாய்மாரின் வாயில் தேறித்தான் வர வேண்டும்.

அந்தக் கூட்டம் முடிந்து போகும்போது இன்னொரு தாய், “நாங்க குளிக்கக்குள்ளயும் குறுக்குக்கட்டோடதானே நிக்கிறம், அந்த உடுப்புக்குள்ள இருக்கிறத எண்டு சொல்லுங்க” என்றார். அதிலிருந்து வந்ததுதான் ‘உடுப்பிடம்’. உடுப்பு எங்கள் பிள்ளைகள் தினமும் சொல்கிற சொல். அதில் இரகசியமும் இல்லை, வெட்கமும் இல்லை, காவல்காரன் வேலையும் இல்லை. கையையும் காலையும்கூட உடுப்பு மூடும்தானே என்பீர்கள். அதனால் வரையறையைக் கிணற்றடியில் வைக்கிறேன்: குளிக்கும்போதும் உடுப்பால் மூடியிருக்கும் இடம் உடுப்பிடம். தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வாய் இதில் அடங்காது, அது உண்மை. முத்தம் கேட்டு வற்புறுத்துவதைப் பற்றிப் பிரசுரத்தில் தனியாக எழுத வேண்டும். வைத்தியர் பார்க்கும்போது தாய் பக்கத்தில் நிற்பதையும் எழுத வேண்டும். அதோடு ‘உடுப்பிடம்’ ஐந்தாம் ஆண்டு வரைக்கும்தான். ஆறாம் ஆண்டிலிருந்து யோனி, ஆண்குறி, சூலகம் என்று பாடப்புத்தகப் பெயர்களே வரட்டும். கட்டிளமைப் பருவத்துப் பிள்ளையிடம் போய் மழலைச் சொல் பேசினால் அது எங்களை நம்பாது.

வேற்றுமை ஏற்றிப் பார்த்தேன். “உடுப்பிடத்தில நோகுது”, “உடுப்பிடத்தத் தொட்டவர்” இரண்டும் நாக்கில் தடக்கவில்லை. வருகிற வியாழன் அக்கரைப்பற்றில் ஒரு முன்பள்ளி ஆசிரியை தாய்மாரிடம் சொல்லிப் பார்க்கிறார். அதுவரை அந்த வரியை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.