ஒரே வீடு, ஒரே கொசு, பெரியவனுக்கு மட்டும் ஏன் இப்படி?

குமுளிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது குமுளியில், சொந்த ஊர் கம்பம் பக்கம், வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். போன மாதம் என் இரண்டு பையன்களுக்கும் இரண்டு நாள் வித்தியாசத்தில் டெங்கு வந்தது. சின்னவனுக்கு 9 வயது, நாலு நாள் காய்ச்சல், கஞ்சியைக் குடித்துக்கொண்டு டிவி பார்த்தே தேறிவிட்டான். பெரியவனுக்கு 13. அவனுக்குக் காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் வினையே ஆரம்பித்தது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கை கால் ஜில்லிட்டுப் போய், பிளேட்லெட் 22,000. ஐந்து நாள் ஐசியூ. கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து நர்ஸ் போகும்போதும் வரும்போதும் "பேடிக்கண்டா சேச்சி" (பயப்படாதீர்கள் அக்கா) என்பார், அதைக் கேட்டாலே எனக்குப் பயம் கூடும். இப்போது நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான்.

பிரச்சினை மாமியார்தான். நான் இவருக்கு அத்தை மகள். தங்கச்சி பெண்ணைத்தான் எடுப்பேன் என்று மாமனார் பிடிவாதமாக முடித்த கல்யாணம், அந்தக் கோபம் மாமியாருக்கு இன்னும் தீரவில்லை. "சொந்தத்தில் கட்டினால் ரத்தம் செத்துத்தான் போகும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நிஜமாகவே ஜீன் கோளாறா? ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள், ஆயிரக்கணக்கில் செலவாகுமாம்.

நகரி சீனு:
ஜீன்தான் அக்கா, சந்தேகமே வேண்டாம். 2006இல் எங்கள் தெருவே சிக்குன்குனியாவில் முடங்கிக் கிடந்தது, பாட்டி ஒரு வருஷம் சுவரைப் பிடித்து நடந்தார், அதே வீட்டில் இருந்த எனக்கு ஒன்றுமே வரவில்லை. கொரோனாவிலும் இதேதான். 3ஆம் குரோமோசோமில் ஒரு ஜீன் துண்டு, எப்போதோ அழிந்துபோன நியாண்டர்தால் என்ற ஆதி மனிதர்களிடமிருந்து நமக்கு வந்தது, அது இருந்தால் நோய் முற்றும் வாய்ப்பு அதிகம் என்று ஜீன் ஆராய்ச்சியாளர் ஸ்வாந்தே பேபோ குழு 2020இல் காட்டியது. ஐரோப்பாவில் ஆறில் ஒருவரிடம்தான் இருக்கிறது, நம் தெற்காசியாவில் பாதிப் பேரிடம்!

பாலக்காட்டு லேப்காரன்:
சீனு, துண்டு விஷயம் சரி. ஆனால் அது மட்டுமே தீர்மானிப்பதென்றால் நம்மில் பாதிப் பேர் ஐசியூவில் கிடந்திருக்க வேண்டுமே? வயது, சர்க்கரை எல்லாம் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கிறது.

அக்கா, ஒரு கேள்வி. பெரியவனுக்கு இதற்கு முன்னால் எப்போதாவது வந்துவிட்டுப் போன காய்ச்சல் உண்டா? இந்த முறை எடுத்த ரிப்போர்ட்டில் ஐஜிஜி (கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் ஒரு எதிர்ப்புப் பொருள்) என்று ஒரு வரி இருக்கும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

குமுளிக்காரி:
பார்த்தேன் தம்பி. மூன்றாம் நாள் எடுத்தது, ஐஜிஜி பாசிட்டிவ் என்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மே லீவுக்குக் கம்பத்தில் என் அம்மா வீட்டில் இருந்தபோது ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது, டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை, கசாயம் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

பாலக்காட்டு லேப்காரன்:
நினைத்தேன். முதல் டெங்கு என்றால் ஐஜிஜி ஒரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். மூன்றாம் நாளே இருந்தால் பெரும்பாலும் பழைய டெங்கு ஒன்று இருந்திருக்கிறது என்று பொருள். டெங்குவில் நாலு வகை உண்டு. முதல் வகைக்கு உடம்பு செய்த எதிர்ப்புப் பொருள் இரண்டாம் வகையைக் கொல்லவும் மாட்டாமல், அதை செல்லுக்குள் கைபிடித்து அழைத்துப் போய் விடுகிறது. அதனால்தான் இரண்டாவது தடவை மோசமாகும் வாய்ப்பு கூடுகிறது.

கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது, 1981இல் இரண்டாம் வகை வந்து 3 லட்சத்துக்கும் மேல் படுத்தார்கள், 158 பேர் செத்தார்கள். 1977 பரவல் ஓய்ந்த பிறகு பிறந்த ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நோய் முற்றியது அபூர்வம். அதே பரவலில் கறுப்பினத்தவருக்கு வெள்ளையரை விடக் கடுமை குறைவாகவும் இருந்தது, ஆக ஜீனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வியட்நாமில் டெங்கு ஷாக் (டெங்கு முற்றி ரத்த ஓட்டம் சரிந்துபோகும் நிலை) வந்த 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2011இல் எம்ஐசிபி, பிஎல்சிஇ1 என்று இரண்டு ஜீன்களைப் பிடித்தார்கள். ஆனால் அவை ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டுகின்றன, குறைக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளப் பணத்தைக் கொட்டாதீர்கள், தெரிந்தாலும் டிரிப்ஸ் அதேதான்.

சொந்தக் கல்யாணத்தில் மறைந்திருக்கும் ஜீன் கோளாறு வெளிப்படும் என்பது உண்மைதான். அது எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கோளாறு என்றால் குழந்தை பெரும்பாலும் கைக்குழந்தையிலிருந்தே நிமோனியா, சீழ் என்று திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகும். உங்கள் பையன் கதை அதுவா? இல்லையே.

இனிமேல் கவனிக்க வேண்டியது சின்னவனை. அவனுக்கு இதுதான் முதல் டெங்கு என்றால் அடுத்ததுதான் ஆபத்து. காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடாமல் அதற்கடுத்த இரண்டு நாள் வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் வருகிறதா பாருங்கள். ஆஸ்பிரின், புரூஃபென் கொடுக்கவே வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் பாக்கு மட்டை, சிரட்டை கிடந்தால் இன்றைக்கே கவிழ்த்துவிடுங்கள்.

குமுளிக்காரி:
மட்டை ஒரு குவியலே கிடந்தது தம்பி, உள்ளே புழு நெளிகிறது. இரண்டு பேரும் சேர்ந்து அள்ளிக் கொளுத்தினோம். நீங்கள் எழுதியதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்போ முதலில் கடித்தது உங்கம்மா வீட்டுக் கொசு" என்கிறார்.