மாங்குளத்தில ஃபாஸ்ட் சார்ஜர் போட்டால் கட்டுமோ?

கடைவளவு:
கண்டி-யாழ்ப்பாண ஏ9 றோட்டுக்கரையில தேத்தண்ணிக்கடை இருக்கு. முன்வளவில கார் சார்ஜர் ஒண்டு போட யோசினை. விக்கிறவர் 60 கிலோவாற் எடுக்கச் சொல்லுறார். 30 காணாதோ?

மூண்டுபேஸ்:
அண்ணை, 60ஐ இப்ப தொடாதேங்கோ. சார்ஜரின்ர விலையைவிட கரண்ட் பில்தான் கடிக்கும். கடை மாதிரி இடங்களுக்கு 42 கேவிஏ (ஒரேநேரத்தில இழுக்கிற கரண்டின்ர அளவு) வரைக்கும் ஜிபி-1 எண்ட கட்டண வகை. அதைத் தாண்டினால் ஜிபி-2, அங்க டிமாண்ட் சார்ஜ் எண்ட உச்சத்தேவைக் கட்டணமும் சேரும். மாதத்தில எந்த 15 நிமிசம் ஆகக்கூட இழுத்ததோ, அந்தக் கேவிஏக்குத்தான் முழுமாதக் காசு. 60 கிலோவாற் முழுசா ஓடினால் கிட்டத்தட்ட 65 கேவிஏ. கணக்குக்கு ஒரு கேவிஏ 1,000 ரூபாய் எண்டு வையுங்கோ: 65,000. மாதம் 10 வண்டி, வண்டிக்கு 20 யூனிற் எண்டால், யூனிற்றுக்கு 325 ரூபாய் அதிலயே போச்சு. நாளுக்கு 4 வண்டி வந்தால் அதே செலவு 27 ரூபாய்தான். அந்த 4 வண்டிக்கு ஆர் பொறுப்பு?

30 கிலோவாற் 32, 33 கேவிஏக்குள்ள நிக்கும். 60 அம்பியர் மூண்டு பேஸ் இணைப்பிலயே ஓடும், கடைப் ஃபிரிஜ்ஜுக்கும் மிச்சம் இருக்கும்.

லீஃப்காரன்:
பழைய 24 கிலோவாற்மணி நிசான் லீஃப் கார் வவுனியாவில நிறைச்சாலும் யாழ்ப்பாணம் எட்டாது, மாங்குளம்தான் அதுக்குத் தோதான இடம். லீஃபுக்கு சாடெமோ வகைக் கன் (காரில செருகிற முனை), புது பிவைடி காருக்கு சிசிஎஸ்2 வகை. ரெண்டும் உள்ளதா எடுங்கோ. ஆனா ரெண்டு கன்னும் ஒரேநேரம் வேலைசெய்யுமோ எண்டு கேட்டு எழுதி வாங்குங்கோ.

நிமிசக் கணக்கில காசு வாங்காதேங்கோ. லீஃப் பற்றரிக்கு கூலிங் இல்லை. வெக்கைக்குள்ள ஓடிவந்தால் சார்ஜ் ஏறுறது குறையும், 40 நிமிச வேலை ஒரு மணித்தியாலம் இழுக்கும், பேந்து சண்டைதான். யூனிற்றுக்கு விலை போடுங்கோ. மீற்றரில 100 யூனிற் ஓடினால் காருக்குள்ள போறது 92, 95 தான், அந்த நட்டமும் விலைக்குள்ள இருக்கவேணும். நிறைஞ்ச பிறகும் கழட்டாமல் சோறு சாப்பிடப் போறவைக்குத் தனிக்கட்டணம்.

மூண்டுபேஸ்:
ஓம், அது சரி. இன்னொண்டு: ஓடர் குடுக்க முதல் பின்னேரம் 7 மணிபோல மூண்டு பேஸிலயும் வோல்ற்றேஜ் அளவுங்கோ. லைன் கடைசியில எண்டால் அந்த நேரம் இறங்கும், சார்ஜர் பாதியில நிக்கும். ட்ரான்ஸ்போமரில இடமிருக்கோ எண்டு மின்சாரக் கந்தோரில கேளுங்கோ. ஏர்த் தடையை மாரியில அளந்து நம்பவேண்டாம், ஆவணி வெயிலில மண் வறண்டு ஓம்ஸ் ஏறும். ரெண்டு ஏர்த் ராட் (நிலத்துக்குள்ள இறக்கிற கம்பி), ஒரு ராட்டின்ர நீளமாவது இடைவெளி விட்டு இறக்குங்கோ. ஐப்பசி இடிக்கு, மின்னல் பாய்ச்சலைத் தடுக்கிற சர்ஜ் அரெஸ்டர் கட்டாயம்.

கடைவளவு:
முன்வளவு கிரவல், தூசி பறக்கும். பிரச்சினையோ?

லீஃப்காரன்:
காத்து ஃபில்ரர் அடைச்சால் உள்சூடு ஏறி 30 கிலோவாற் 15 ஆகும். மாதம் ஒருக்கால் கழட்டி ஊதுங்கோ, சார்ஜர் நிக்கிற அளவுக்காவது கொங்கிறீற் போடுங்கோ.