கிராண்ட்செஸ்டர் போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ஹாய் மக்களே, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஜூலைல ஒரு சனிக்கிழமை லண்டன்ல இருந்து கேம்பிரிட்ஜ் கூட்டிட்டுப் போய் அப்படியே பக்கத்துல இருக்கற கிராண்ட்செஸ்டர் கிராமத்துக்குப் போலாம்னு பிளான். 1897லயே ஆப்பிள் மரத்தடில டீ குடுக்க ஆரம்பிச்ச ஆர்ச்சர்ட் டீ கார்டன் அங்கதான் இருக்கு, டெக் சேர்ல சாஞ்சுக்கிட்டு ஸ்கோன் (குட்டி பன் மாதிரி), ஜாம், கிளாட்டட் க்ரீம்னு அம்மாவுக்கு அது போதும். அப்பாவுக்கு ஒரு அரை பைண்ட் பீர் வேணும் (வாய் விட்டுக் கேக்க மாட்டார், நமக்குத் தெரியாதா).

கேம்பிரிட்ஜ்ல நியூன்ஹாம் ஏரியால இருந்து கேம் ஆத்தோரமா புல்வெளி வழியா நடந்து போறதுதான் அழகேன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கிட்டத்தட்ட ரெண்டு மைல், அம்மாவுக்கு முட்டி வலி, வழில மாடு வேற மேயுமாம், மாட்டுக்கு அவங்க பயப்பட மாட்டாங்க, என் பொண்ணுதான் கத்துவா. பாதை வீல்சேர், புஷ்சேர் தள்ற மாதிரி இருக்குமா? சனிக்கிழமை பஸ் உண்டா, இல்ல டாக்ஸிதானா? பன்ட் படகுல (கம்பு ஊன்றித் தள்ளுவாங்களே, அந்தத் தட்டைப் படகு) போனா வயசானவங்க ஏறி இறங்க முடியுமா?

அப்புறம் ஸ்கோன்ல முட்டை இல்லாதது கிடைக்குமா, அம்மா சுத்த சைவம். கூட்டமில்லாம தோட்டத்தோட இருக்கற பப் எதுன்னும் சொல்லுங்க. ஜாமுக்கு குளவி மொய்க்குமாமே, நெஜமாவா?