ஏ.எஃப்.பி. பாசிட்டிவ், ஆனால் டிபி இல்லை: உங்கள் அனுபவம் என்ன?

லேப் மைக்ரோபயாலஜிஸ்ட், பாளையங்கோட்டை:

முக்கூடலில் பீடி சுற்றும் அம்மா ஒருவர். லேப்ராஸ்கோப்பில் பித்தப்பை எடுத்த பிறகு தொப்புள் தழும்பு ஆறவே இல்லை. முடிச்சு மாதிரி வீங்கிச் சீழ் கசிந்துகொண்டே இருந்தது. சீழில் ஏ.எஃப்.பி. (அமிலத்தில் கழுவினாலும் சாயம் போகாத பாக்டீரியா; டிபி கிருமியும் இந்த வகைதான்) தெரிந்ததும் வேறோர் இடத்தில் டிபி மருந்து தொடங்கிவிட்டார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் புண் அப்படியேதான். பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிய முடியவில்லை என்று எங்களிடம் வந்தார்கள்.

கல்ச்சர் போட்டோம். டிபி கிருமி எல்.ஜே. மீடியத்தில் (அதை வளர்க்கும் முட்டை கலந்த ஊடகம்) வளர வாரக்கணக்கில் ஆகும். இது ஒரு வாரத்துக்குள் சாதாரண பிளட் அகாரிலேயே காலனி காட்டியது. டிபி கிருமியின் புரதத்தைத் தேடும் எம்.பி.டி.64 கார்டும் நெகட்டிவ். டிபி இல்லை, சரி. அப்படியானால் எது? இனம் தெரியாமல் சரியான மருந்து எழுத முடியாது. மால்டி-டாஃப் (புரதங்களின் எடையை வைத்துக் கிருமியின் இனம் சொல்லும் கருவி) உள்ள லேபுக்கு அனுப்பினோம். 'அடையாளம் காண முடியவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது.

மனசு கேட்கவில்லை, போன் பண்ணி விசாரித்தேன். மற்ற பாக்டீரியா மாதிரியே காலனியைக் குச்சியில் தொட்டு நேராகப் பிளேட்டில் தேய்த்திருக்கிறார்கள். இந்தக் கருவி 2,000 முதல் 20,000 டால்டன் வரையுள்ள புரதங்களை, பெரும்பாலும் ரைபோசோம் புரதங்களை, எடை பார்த்து லைப்ரரியோடு ஒப்பிடுகிறது. டிபி கிருமியும் அடங்கிய மைக்கோபாக்டீரியாவுக்கோ மைக்கோலிக் அமிலத்தாலான மெழுகுச் சுவர். அதை உடைக்காமல் புரதம் வெளியே வராது. 95 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமியைக் கொன்று, எத்தனாலில் கழுவி, அசிட்டோநைட்ரைலும் சிலிக்கா மணிகளும் சேர்த்து வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்கி, அப்புறம் ஃபார்மிக் அமிலம் விட வேண்டும். சூடாக்குவது நம் பாதுகாப்புக்கு. அதில் அவசரமே கூடாது. இந்த முறையில் மறுபடி ஓட்டியதும் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்று வந்தது.

சர்ஜன், தென்காசி:

நல்ல வேளை விடாமல் கேட்டீர்கள் மேடம். அப்செசஸும் அதன் நெருங்கிய இனமான கெலோனேயும் 16எஸ் ஜீன் (பாக்டீரியா இனம் காணப் பார்க்கும் ஜீன்) வரிசையிலேயே கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பவை, மால்டி அவற்றை நன்றாகப் பிரிக்கிறது. எங்களிடமும் இதே மாதிரி போர்ட் புண் (லேப்ராஸ்கோப் நுழைத்த துளையில் வரும் புண்) வந்தது. கெட்ட திசுவை வெட்டி எடுத்து, அமிக்காசினோடு கிளாரித்ரோமைசின் கொடுத்தோம், ஆறியது. ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது என்று முதலில் தேட வேண்டியது ஆபரேஷன் தியேட்டரில்தான். குளூட்டரால்டிஹைடில் (கருவிகளைக் கிருமி நீக்க ஊறவைக்கும் திரவம்) போதுமான நேரம் ஊறாத கருவியிலும், அதை அலசிய குழாய்த் தண்ணீரிலும் இந்தக் கிருமிகள் இருக்கும்.

லேப் டெக்னீஷியன், அம்பாசமுத்திரம்:

ஒன்று சேர்க்கிறேன் அண்ணாச்சி. அப்செசஸ் என்று பேர் தெரிந்தாலும் கிளாரித்ரோமைசின் வேலை செய்யுமா என்று மால்டி சொல்லாது. அதன் சில துணையினங்களில் மருந்தைப் பார்த்த பிறகே எதிர்ப்பு கிளம்பும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்டில் மூன்றாம் நாள் சென்சிட்டிவ் (மருந்துக்குக் கட்டுப்படுவது) மாதிரி தெரியும். ஆகவே அந்த டெஸ்டை 14 நாள் வரை வைத்துப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் கொடுங்கள்.